பாதரசம் போன வழி

பல் டாக்டரிடம் வேலை செய்பவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். பினாங்கில் ஒரு சீன டாக்டரிடம் பல வருஷமாக உதவியாளாக இருக்கிறேன். இந்தப் பழக்கத்தால் எனக்குச் சண்டைதான் மிச்சம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். காஞ்சிபுரம் போன அந்த ஒரு தடவை மட்டும் அது உருப்படியான காரியம் செய்தது. நல்லபடியாக முடிந்த கதைதான் இது. அதனால் நடுவில் யாரும் பதற வேண்டாம். நான் பதறியதே எல்லாருக்கும் போதும்.

போனது என்னவோ பட்டு வாங்க. நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். "உங்க அக்கா காஞ்சிபுரத்திலேயே குடியிருக்கும்போது பினாங்குக் கடையில எதுக்கு வாங்கணும்?" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. என் அக்கா சிவகாமியை அப்பா அங்கே கொண்டுபோய்க் கட்டிக் கொடுத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அதன்பிறகு ஒரே ஒரு தடவைதான் போயிருந்தேன்.

அக்கா வீட்டுக்காரர் ஏகாம்பரம் மாமா, ஊருக்கு மேற்கே தாமல் போகும் வழியில் ஒரு சிவன் கோயிலில் மணியக்காரர். கோயில் சாவி, சாமான், வேலையாட்கள் எல்லாம் அவர் பொறுப்பு. கோயிலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மாமாவின் குரல் தெருமுனை வரை கேட்கும். போன தடவை என்னை வழியனுப்ப வந்தவர், கண்டக்டரோடு அரசியல் பேசியே பஸ்ஸை நிறுத்தி வைத்தார். அந்த மனிதரைத்தான் மனதில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறினேன்.

சென்னையில் ஏறிய பஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. டிரைவர் ஒவ்வொரு சீட்டாக வந்து தண்ணீர் கேட்டார். எனக்கு முன்னால் இருந்த அம்மாள் கூஜாவை மடியில் இறுக்கிக்கொண்டு, "இது காய்ச்சின தண்ணிப்பா, வண்டிக்கு ஒத்துக்காது" என்றார். பின் சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எங்கள் பினாங்கு வீட்டுக்குப் பக்கத்து வீடு தெலுங்கு என்பதால் எனக்கு ஓரளவு புரியும். "எங்க மாமனாரும் இப்படித்தான். பாதி வழியில உட்கார்ந்துக்கிட்டு வெந்நீர் கொண்டான்னு சொல்லுவாரு" என்றாள் ஒருத்தி. பினாங்கில் பஸ் நின்றுபோனால் ஆட்கள் பேசாமல் இறங்கி நடந்துவிடுவார்கள். இங்கே பஸ் நின்ற பிறகுதான் பேச்சே ஆரம்பமாகிறது. நாங்கள் கிளம்புவதற்குள் அந்தப் பெண்களின் வீட்டு விவகாரம் முழுக்க எனக்குத் தெரிந்துவிட்டது.

காஞ்சிபுரத்தில் இறங்கியதும் குதிரை வண்டி. "ஜல்தியா போவணுமா, குதிரை இஷ்டத்துக்கு வுடட்டுமா?" என்று வண்டிக்காரர் கேட்டார். ஜல்தியாக என்றேன். குதிரை அதன் இஷ்டத்துக்குத்தான் போனது. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். பினாங்கில் எங்கள் தெருவில் மரக்கட்டை தட்டிக்கொண்டு நூடுல்ஸ் வண்டிக்காரன் வருவான். இங்கே ஊர் முழுக்க அப்படித் தட்டிக்கொண்டே இருக்கிறது, ஆனால் தின்ன ஒன்றும் வரவில்லை.

அக்கா வாசலுக்கு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மாமா வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், என்னைக் கண்டதும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். புது மருமகள் கூட அப்படி ஒளிய மாட்டாள். அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். டம்ளரை அவர் எடுத்த உடனே அது டபராவில் கடகடவென்று தட்ட ஆரம்பித்தது. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பாதிக் காபி வேட்டியில் கொட்டியது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

போகிற போக்கில் நான் வாயைப் பார்த்துவிட்டேன். ஈறு வீங்கி, ஓரத்தில் நீலக் கோடு போட்டமாதிரி இருந்தது. முன்பல் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. ஓயாமல் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் கிணற்றடியில் அக்கா வாய் திறந்தாள். "குடிக்கிறார்னு சொல்லிக்கினு திரியறாங்கடி. சாராயக் கடை தெறந்தாலும் தெறந்தாங்க, யாரு கை நடுங்கினாலும் இந்த ஊர்ல ஒரே பேச்சுதான். கோயில் தர்மகர்த்தா இந்த மாசத்தோட வேலைய வுட்டு நின்னுக்கன்னு சொல்லிட்டாரு."

"நாத்தம் இருக்கா?"

"ஒரு நாள் கெடையாது. குடிச்சிருந்தா திட்டவாவது திட்டலாம்." அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கழுத்துக் கயிற்றை இழுத்துத் தாலியை வெளியே எடுத்தாள். மஞ்சளைக் குழைத்து மெத்தென்று அப்பியிருந்தாள். கட்டைவிரலால் அதைத் துடைத்தாள். உள்ளே பொன் இல்லை. ஈயம் பூசின பாத்திரம்போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஆசாரிகிட்ட காட்டினேன், சுத்தத் தங்கம்தான்னு சொல்றாரு. ஆனாலும் வெளுத்துக்கினே போவுது. தாலி வெளுத்தா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? மாகறல் கோயிலுக்கு நடந்தே போய்க்கினு இருக்குறேன். திங்கக்கிழமை சாப்பிடறதில்ல. அவரு போயிடுவாருடி. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவள் அழுதாள். எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷம் வந்தது என்று சொன்னால் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்பீர்கள். ஆனால் வந்தது. ஏனென்றால் வெளுத்த தங்கத்தை எனக்குத் தெரியும். பல்லை அடைக்கும் கலவையில் பாதரசம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கல்யாண மோதிரம் இப்படித்தான் வெள்ளையாகிப்போனது. நானும் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "தங்கத்துக்குப் பாதரசம் என்றால் உயிர், எங்கே கண்டாலும் ஒட்டிக்கொள்ளும், மோதிரத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்" என்று சிரித்தார். பாதரச ஆவியை அதிகம் மூச்சில் இழுத்தவர்களுக்குக் கை நடுங்கும், ஈறு கெடும், ஆளைக் கண்டாலே கூச்சம் வரும் என்றும் அன்றைக்கே சொல்லி வைத்தார்.

"அக்கா, மாமா இப்ப கோயில்ல என்ன வேலை பார்க்கிறார்?"

"விமானத்துக்குத் தங்கத் தகடு போடறாங்க. பக்கத்துல உக்காந்து காவல் பாக்குறாரு."

அவ்வளவுதான். மிச்சம் எனக்குத் தெரிந்துவிட்டது. செப்புத் தகட்டின்மேல் பாதரசத்தைத் தேய்த்து, மெல்லிய தங்க ரேக்கை வைத்து, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் புகையாகப் போய்விடும், தங்கம் தகட்டில் தங்கிவிடும். போன புகை எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

மறுநாள் காலையில் அக்கா கோயில் இட்லி கொடுத்தாள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து அவித்து, மிளகும் சுக்கும் சீரகமும் போட்டது. கையில் எடுத்தால் செங்கல் கனம். எங்கள் ஊர் இட்லி இதைப் பார்த்தால் வெட்கப்பட்டு மாவாகவே இருந்துவிடும். மாமா தன்னுடையதைக் காபியில் ஊறவைத்து விழுங்கிக்கொண்டிருந்தார். வாயெல்லாம் செம்பை நக்கினமாதிரி இருக்கிறதாம். அதைக் கேட்டதும் நானும் இட்லியை வைத்துவிட்டு எழுந்தேன்.

அவரோடு நானும் கோயிலுக்குப் போனேன். மதில் ஓரமாக ஓடு போட்ட ஒரு பழைய சரக்கறை. தர்மகர்த்தா தோளில் கட்சிக் கரைபோட்ட துண்டோடு வந்தார். சுற்றுக் கிராமத்து விவசாயக் குடும்பம், நல்ல வசதி, நல்ல மீசை. தங்க ரேக்குகளை எடை பார்த்து உள்ளே கொடுத்தார். பிறகு மாமாவையும், முலாம் வேலை செய்யும் தனகோட்டியையும் உள்ளே அனுப்பி, வெளியே பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது. பலகைச் சந்தில் நனைத்த சாக்கு.

"எதுக்குங்க இப்படி?" என்று கேட்டேன்.

"சாமி தங்கம்மா. ஒரு தூசி காத்துல போச்சுன்னாலும் ஊரு என்னத்தான் கேக்கும். மத்தியானம் சோத்துக்குத் தெறப்பேன், அப்பால சாயந்திரம் தெறப்பேன்."

தங்கம் ஒரு தூசி கூட வெளியே போகக் கூடாது என்று இத்தனை ஏற்பாடு. அதனால் எது வெளியே போயிருக்க வேண்டுமோ அதுவும் போகவில்லை.

மத்தியானம் கதவு திறந்தது. தனகோட்டி சிரித்துக்கொண்டே வந்தார். சிரிப்பில் பல் அதிகம் இல்லை. நான் பழக்கதோஷத்தில், "வாயைத் திறங்க" என்றேன். அவரும் திறந்துவிட்டார்.

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தாம்மா. இந்த வேலைக்குப் பல்லுதான் கூலி" என்றார். அதை அவர் மழை பெய்யும் வெயிலடிக்கும் என்பதுபோலச் சொன்னார். ஆனால் அவர் கை அவ்வளவு நடுங்கவில்லை. அது எனக்குப் புதிராக இருந்தது. பாதரசத்தைக் கையால் தொடுகிறவர் அவர். மாமா எதிர்மூலையில் முக்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்.

எதைச் சொன்னாலும் காட்டினால்தான் நம்புவார்கள் என்று எனக்குத் தோன்றியது. புகை போகும் வழியைக் காட்ட வேண்டும். கருவி எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் வீட்டில் அக்கா ஜரிகை சுற்றிக்கொண்டிருந்தாள். தறிக்காரர்களுக்கு நூலும் ஜரிகையும் சுற்றிக் கொடுப்பது அவளுடைய கைச்செலவுக்கான வேலை. நல்ல ஜரிகை என்றால் வெள்ளிக் கம்பியின்மேல் பொன் முலாம். அதைவிடப் பொன் மெலிதாக இருக்கும் பொருள் வேறு ஏது? துளி பாதரசம் பட்டாலும் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அக்காவே ஒரு சேதி சொன்னாள்: ஆணியில் மாமாவின் துண்டு தொங்கும் இடத்துக்குக் கீழே வைத்திருந்த ஜரிகை நூல்கண்டு ஒன்று வெளுத்துப்போய், போலி ஜரிகை என்று தறிக்காரர் திருப்பி அனுப்பிவிட்டாராம். அதையும் அவள் கெட்ட சகுனத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

முழம் முழமாக ஜரிகையை நறுக்கினேன். வீட்டில் துண்டு ஆணியில் ஒன்று, அடுப்பங்கரையில் ஒன்று, துணி துவைக்கும் கல்லில் ஒன்று கட்டினேன். மிச்சத்தை மாமாவிடம் கொடுத்தேன். அவர் தலை நிமிராமல் வாங்கிக்கொண்டார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்று, தன் முக்காலிக்கு மேலே ஒன்று, வெளியே ஓட்டின்மேல் சாய்ந்திருக்கும் வேப்பங்கிளையில் ஒன்று கட்டச் சொன்னேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பட்டுக் கடைகளில் கழிந்தன. கடைக்காரர்கள் சேலையை விரித்துக்கொண்டே இருக்கிறார்கள். வேண்டாம் என்றால் கோபப்படுவதில்லை, சோடா வாங்கிக் கொடுக்கிறார்கள். மூன்று கடையில் மூன்று சோடா குடித்துவிட்டு, வயிறு பொருமிக்கொண்டு, அரக்கும் மாம்பழ நிறமுமாக ஒரு சேலை எடுத்தேன். விலையைச் சொன்னால் மாமியார் படித்துவிடுவார், அதனால் இங்கே வேண்டாம்.

பிறகு ஜரிகைகளைச் சேர்த்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். அடுப்பருகே கட்டியது லேசாக மங்கியிருந்தது. மாமாவின் முக்காலிக்கு மேலே கட்டியது முழுக்க வெள்ளை. தனகோட்டிதான் விளக்கினார்: கரி எரிய வேண்டும் என்று அடுப்புக்குப் பக்கத்துச் சுவரின் அடியில் மட்டும் ஒரு சின்ன ஓட்டை விட்டிருந்தார்கள். அவர் அந்த ஓட்டையின் காற்றில் உட்கார்ந்திருந்தார். சூடான ஆவி மேலே போய், கூரை ஓட்டில் முட்டி, ஆறி, எதிர்மூலையில் மாமாவின் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் துண்டு ஆணியும் துவைக்கிற கல்லும் மங்கியிருந்தன. அடுப்பங்கரை பளபளவென்று இருந்தது. அக்கா குனிந்து அவர் வேட்டியைக் கசக்கும்போதெல்லாம் தாலி தொட்டித் தண்ணீரில் தொங்கி நனைந்திருக்கிறது. சகுனம் துணியில் வந்திருக்கிறது.

வேப்பங்கிளை ஜரிகையும் கொஞ்சம் வெளுத்திருந்தது. அதை அப்போதைக்குத் தனியே முடிந்து வைத்தேன்.

தர்மகர்த்தா ஜரிகைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யம்மா, நீங்க அவரு மச்சினிச்சி. வெளுத்த ஜரிகைய நீங்களே கொண்டாந்து காட்டினா நான் எப்படி நம்புறது?"

கோபம் வந்தது. ஆனால் கேள்வி சரியானதுதான். அவர் விரலில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு தங்க மோதிரம் கிடந்தது. "உங்க மோதிரத்தைக் கழட்டுங்க. நீங்களே உள்ள போய் அந்த முக்காலிமேல வையுங்க. நீங்களே பூட்டுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். இன்னிக்கு மணியக்காரர் உள்ள போக வேணாம், தனகோட்டி மட்டும் வேலை செய்யட்டும். அவரும் அந்த மூலைக்குப் போகாம இருக்க, முக்காலியைச் சுத்திக் கோலமாவு தூவிடுங்க."

யாரையும் நம்பாதவருக்கு இதைவிடப் பிடித்த ஏற்பாடு இருக்க முடியாது. அவரே குனிந்து கோலமாவு தூவினார்.

அந்தப் பகல் முழுக்க மாமா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். கடைசியில், "உங்க அக்காவ பினாங்குக்கே கூட்டிக்கினு போயிடும்மா" என்றார். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இங்க அவளுக்கு யாரு இருக்கா?" அந்தப் பெரிய குரல் அவ்வளவு சின்னதாகக் கேட்டது. "ஒண்ணும் ஆகாது, சும்மா இருங்க" என்று அதட்டினேன். அதட்டாவிட்டால் அழுதிருப்பேன். அவர் தேறுவாரா என்று எனக்கு உண்மையில் தெரியாது. ஆவி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று எந்த ஜரிகையைக் கட்டிப் பார்ப்பது?

சாயந்திரம் பூட்டு திறந்தது. கோலமாவு கலையவில்லை. தர்மகர்த்தா மோதிரத்தை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். மேல்பக்கம் பழைய வெள்ளி நாலணா நாணயத்தைத் தேய்த்து வைத்ததுபோல வெள்ளையாக இருந்தது.

"அய்யோ, என் மோதிரம்!" என்று அலறினார். துண்டால் தேய்த்தார். எச்சில் தொட்டுத் தேய்க்கப் போனவரின் கையைத் தட்டிவிட்டேன். "சூடு காட்டினா போயிடும், வாயில மட்டும் வைக்காதீங்க."

அவர் மோதிரத்தைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். மரத்தடியில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தார். "மோதிரத்துக்கு ஒரு நாளு... இந்த ஆளு எத்தினி மாசமா..." என்று இழுத்தார். துண்டை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "குடிக்கிறார்னு சொன்னவன் நான்தாம்மா" என்றார். கல்லும் கரையும் என்பார்களே, அன்று ஒரு மீசை கரைந்ததைப் பார்த்தேன்.

மறுநாளே பலகைகளைப் பிடுங்கிக் கம்பி அடிக்க ஆள் வந்துவிட்டார். "காவல்தானே பாக்கணும், வெளியில உக்காந்து கம்பி வழியா பாக்கட்டும்" என்றார் தர்மகர்த்தா. கூரைமேல் உயரமாக ஒரு புகைபோக்கி வைத்துவிட்டால் தீர்ந்தது என்றும் சொன்னார். அப்போதுதான் முடிந்து வைத்த வேப்பங்கிளை ஜரிகையை அவிழ்த்தேன்.

கற்பூரம் எரிந்தால் ஒன்றும் மிஞ்சாது. விறகு எரிந்தால் சாம்பல். பாதரசம் அப்படி இல்லை. புகையாகப் போனாலும் எங்கேயோ ஆறி, மறுபடி பாதரசமாகவே உட்கார்ந்துகொள்ளும். மழையோடு இறங்கும், ஏரிக்குப் போகும், மண்ணில் கிடக்கும். நம் காலத்துக்குப் பிறகும் கிடக்கும். ஜப்பானில் ஒரு குடாவில் இப்படித்தான் பாதரசம் மீனுக்குள் போய், மீன் தின்ற பூனைகளும் மனிதர்களும் கைகால் விளங்காமல் போனதைப் பத்திரிகையில் பார்த்து டாக்டர் எனக்குப் படித்துக் காட்டியிருந்தார். அதைச் சொன்னேன்.

"அது ஜப்பான் மீனு" என்றார் தர்மகர்த்தா.

"தாமல் ஏரி மீனு மட்டும் விரதமா இருக்குதா?" என்று கேட்டது நான் இல்லை, மாமா. நான் வந்து இறங்கிய பிறகு அவர் சொன்ன முதல் கிண்டல் அது. அக்கா பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

அப்படியானால் ஆவியைப் பிடிக்க வேண்டும். எப்படி என்று எல்லாரும் யோசித்தோம். தனகோட்டி மட்டும் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "மதுவெலக்கு இருந்தப்ப எங்க பக்கத்துல ஒரு அடுப்பு வெப்பாங்க. ஆவி வரும், குழாய்ல போவும், தண்ணியில ஆறும், சொட்டும்..." என்றார்.

தர்மகர்த்தாவுக்கு மூச்சு நின்றது. "கோயிலுக்குள்ள சாராய அடுப்பா?"

"சொட்டப்போறது பாதரசம்ங்க" என்றேன். "அதைக் குடிக்க யாரும் வர மாட்டாங்க."

அவர் சிரித்துவிட்டார். குடிகாரர் என்று பெயர் வாங்கிய மனிதரைக் காப்பாற்றச் சாராய அடுப்புதான் வந்தது. இரும்புத் தோசைக்கல்லின்மேல் தகட்டை வைத்து, மேலே அண்டாவைக் கவிழ்த்து, ஓரத்தைக் களிமண்ணால் பூசி, அண்டாவின் உச்சியில் வளைந்த குழாயை இறக்கித் தண்ணீர்ப் பானைக்குள் விட்டார்கள். முதல் நாள் களிமண் வெடித்துக் கெட்டது. அடுத்த நாள் குழாயில் ஆவி ஏறவில்லை. அதற்கும் அடுத்த நாள் பானையின் அடியில் வெள்ளி மணிகளாக உருண்டு திரண்டது. எல்லாமே பிடிபட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அண்டாவுக்கு மேலே கட்டிய ஜரிகை நாள் முழுக்க மஞ்சளாகவே இருந்தது. சில நாளில் ஒரு மருந்து சீசா நிறைந்தது. அதைத் தர்மகர்த்தா கையில் கொடுத்தேன். கனத்தைத் தாங்காமல் கை இறங்கியது. "இதையா இவரு மூச்சுல இழுத்துக்கினு இருந்தாரு!" என்றார்.

மாமாவின் பழைய வேட்டி துண்டுகளை எரித்துவிடலாம் என்று தர்மகர்த்தாவுக்கு அவசரம். எரித்தால் மறுபடி புகைதானே? மண்ஜாடியில் திணித்து வாயை அடைத்து அந்தச் சரக்கறையிலேயே பூட்டி வைத்தோம். சாவி அவரிடமே இருந்தது. ஊரில் ஒரு டாக்டர் மாமாவைச் சோதித்துப் பார்த்தார். அந்த அறைக்குள் இனிமேல் கால் வைக்காமல் இருந்தால் தேறிவிடுவார், நாளாகும் என்றார். நாளாகும் என்ற சொல் அவ்வளவு இனிப்பாக இருந்து நான் கேட்டதில்லை.

மிச்சம் இருந்தது தாலி. தனகோட்டி அதை அண்டாவுக்குள் வைத்துச் சூடு காட்டினால் பாதரசம் போய்ப் பொன் திரும்பிவிடும். அக்கா அசையவில்லை. "அவரு கட்டினது. அவருதான் கழட்டிட்டு மஞ்சளக் கட்டணும், அப்பால இதத் திருப்பிக் கட்டணும். என் கழுத்துல வேற யாரு கையும் படக் கூடாது."

மாமா முயன்றார். மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோக்கவே விரல் நிற்கவில்லை. கிழங்கு தரையில் உருண்டது. அக்கா அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "கை நிக்கட்டும். நான் இருப்பேன்" என்றாள். எவ்வளவு வாதாடியும் பலனில்லை. தாலியைத் துணியில் சுற்றி ரவிக்கைக்கு வெளியே போட்டுக்கொள்ள மட்டும் ஒத்துக்கொண்டாள்.

அங்கிருந்து நான் தென்னேரிப் பக்கம் வீட்டுக்காரரின் உறவுக்காரர்களைப் பார்க்கப் போனேன். அவர்கள் என்னைத் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். போன இடத்திலெல்லாம் சாப்பாடு, எல்லா இலையிலும் என் கண்ணுக்கு அந்த உருண்ட மஞ்சள் கிழங்குதான் தெரிந்தது. வெயில் போய் மழை பிடித்துக்கொண்டது. கப்பலுக்கு நாள் நெருங்கியபோது காஞ்சிபுரம் திரும்பினேன். அதே குதிரை, அதே இஷ்டம்.

தெருமுனை திரும்பும்போது வண்டிக்காரர் கடிவாளத்தை இழுத்தார். "ஏதோ தகராறு நடந்துக்கினு இருக்குது போல" என்றார். நான் காதைத் தீட்டினேன். யாரோ ஒருவர் கீரைக்காரியிடம் அடுத்த தேர்தலைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். தெரு முழுக்கக் கேட்டது. வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டேன். முழங்கால் சிராய்த்தது. சிராய்க்கட்டும்.

மறுநாள் காலை கோயிலில் அண்டா அடுப்புக்கு எதிரே, காற்று வரும் பக்கமாக நின்றோம். மாமா மஞ்சள் கிழங்கைக் கோத்து அக்கா கழுத்தில் கட்டிவிட்டு, தாலியைக் கழற்றித் தனகோட்டியிடம் கொடுத்தார். அண்டா மூடியது. குழாய் நுனியில், பானைத் தண்ணீரில் ஒரே ஒரு வெள்ளி மணி விழுந்தது, கடுகளவுதான். அடுப்பு ஆறி, அண்டாவைத் தூக்கியபோது தோசைக்கல்லின் நடுவில் பொன் கிடந்தது. மஞ்சளாக, கல்யாணத்தன்று மாமா கட்டியபோது இருந்த அதே மஞ்சளாக. தனகோட்டி அதைக் கழுவித் துடைத்துப் புதுக் கயிற்றில் கோத்து நீட்டினார். தர்மகர்த்தா எங்கிருந்தோ ஒரு பிடி பூவும் அரிசியும் கொண்டுவந்து எல்லார் கையிலும் கொடுத்தார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா பின்னால் நின்று கயிற்றை இரண்டு கையிலும் பிடித்தார். முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. நான் வழக்கத்துக்கு மாறாக வாயைப் பார்க்காமல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கவே இல்லை என்று சொன்னால் பொய். மூன்றாவது முடிச்சில் கொஞ்சம் நடுங்கியது. தாலி கட்டும்போது எந்த மாப்பிள்ளைக்கும் நடுங்குகிற அளவுதான்.